ஆஸ்டியோஃபைட்: முள்ளா, முளையா?

குலசேகரம் பக்கம் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவள் என் அம்மை. அவளுடைய முழங்கால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடை எலும்பு முடிகிற ஓரத்தில், கிளி மூக்குபோல் ஒரு வளைவு நீட்டிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் அதற்குப் பெயர் ‘ஆஸ்டியோஃபைட்’. அம்மையோ, “எலும்பு தேஞ்சு போச்சாம் மக்களே” என்றாள். தேய்ந்த எலும்பு எப்படி வெளியே நீளும்?

கிரேக்கத்தில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு, ஃபைட்டான் என்றால் செடி. ஃபைட்டானுக்கு வேர் ‘வளர்தல்’ என்னும் வினை. எலும்பில் முளைத்த செடி! பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்தே வைத்திருக்க வேண்டும். அம்மைக்கு வந்த மூட்டு நோயின் பெயரான ஆர்த்ரைட்டிஸும் கிரேக்கம்தான்: ஆர்த்ரான் மூட்டு, ஐட்டிஸ் அழற்சி. நம் குமரி மாவட்டத்தில் முழங்காலுக்கு ‘முட்டு’ என்போம். ‘மூட்டு’ வேறு. இணைத்தல், தைத்தல் என்று பொருள்படும் ‘மூட்டுதல்’ அதில் இருக்கிறது. சித்த வைத்தியர்கள் மூட்டைக் ‘கீல்’ என்பார்கள். கீல்வாயு அப்படி வந்தது.

உண்மையில் தேய்வது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அதனால் அது வலிக்காது. வலி கிளம்புவது அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டைச் சுற்றிய சவ்விலிருந்தும். அந்த அடி எலும்பு சும்மா கிடப்பதில்லை. பாரம் தாங்கித் தாங்கி நுண்விரிசல் விடும், ஆறும், தடித்து இறுகும். இறுகிய எலும்பு அதிர்வை உள்வாங்காது, குருத்தெலும்புமேல் தள்ளிவிடும். ஆகவே எலும்பு மாறுவதே முதலில் என்று 1970களில் எலும்பு மருத்துவர் எரிக் ராடின் வாதிட்டார். எது முந்தியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓரத்து வளைவோ முதலில் குருத்தெலும்பாகத் துளிர்த்து, பிறகு எலும்பாகிறது. 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து மூட்டு நோயை 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்தபோது, 2ஆம் நிலைக்கு இந்த வளைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்கள்.

தமிழில் ‘எலும்பு முள்’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. முள் என்றதும் குத்தும் என்ற பயம் வருகிறது. எக்ஸ்ரேயில் இது இருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. ‘எலும்பு முளை’ என்பதே மூலச்சொல்லின் உயிரோடு ஒட்டிவருகிறது.

‘எலும்புத் தேய்மானம்’ என்பதை எப்படியாவது கைவிட வேண்டும். அது எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்ற வேறொரு நோயோடு குழம்புகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று, தேய்ந்த எலும்பு வளரட்டும் என்று நம்பி, அம்மை இரண்டு மாதம் கால்சியம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள்.