பழைய காருக்கு வயது எங்கே ஏறுகிறது?

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மே மாத மதியம் இரண்டு மணிக்கு, என் காரின் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே நகர ஆரம்பித்தது. ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துவதற்குள் பானட் இடுக்கில் ஆவி வந்துவிட்டது. கூடவே லேசாக இனிக்கிற ஒரு வாடை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ள அந்த வாடையே போதும்.

வண்டி 2009 மாடல் பெட்ரோல் செடான். நான் மூன்றாவது ஓனர். மீட்டரில் 62,000 கிலோமீட்டர். விற்றுக்கொடுத்த புரோக்கர், “டாக்டர் ஓட்டின வண்டி சார். வீடு, ஆஸ்பத்திரி, வீடு. அவ்வளவுதான் ஓடியிருக்கு” என்றார். பாராட்டு என்று நினைத்து வாங்கினேன்.

திருநெல்வேலியில் என் பெரியப்பாவிடம் இதே மாடல், இதே வருடத்து வண்டி இருக்கிறது. முதல் ஓனர் அவர்தான். 1,84,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. புளியமர நிழலில் நின்று அவருக்குப் போன் செய்தேன். “என்னல, வண்டிய ஒழுங்கா பாத்துக்கிட மாட்டியா?” என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். அதே மாடலை ஒருவர் தங்கம் என்பார், இன்னொருவர் தலைவலி என்பார். யாரும் பொய் சொல்வதில்லை. என் வண்டியும் பெரியப்பா வண்டியும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. என்னுடையது மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் ஓடியிருக்கிறது. அப்படியிருக்க, எப்படி அது முதலில் படுத்தது?

அன்றைக்கு மொபெட்டில் வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத்தான் கழற்றினார். கழற்றியதை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். நடுப்பகுதி சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கியது. எஞ்சின் பக்கத்து முனையோ காய்ந்த முறுக்கு மாதிரி விறைத்திருந்தது. வளைத்ததும் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு விரிசல் வாய் திறந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரே குழாய் ஒரு இடத்தில் இளகியும் இன்னொரு இடத்தில் இறுகியும் போயிருந்ததுதான் எனக்குப் புதிராக இருந்தது.

ரப்பர் என்பது நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே அங்கங்கே பாலம் போட்டால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அந்தப் பாலங்களைப் போடும் வித்தையை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். சிக்கல் என்னவென்றால், இந்த வேதிவினை தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வண்டியின் ஆயுள் முழுக்க வேலையைத் தொடர்கின்றன. சில இடங்களில் புதுப் பாலங்கள் முளைக்கும், ரப்பர் இறுகும். சில இடங்களில் சங்கிலியே அறும், ரப்பர் இளகும். ரேடியேட்டர் ஹோஸில் இன்னொரு கூத்தும் உண்டு. கூலன்ட், அதைத் தொடும் உலோக முனை, கரித்தூள் கலந்த ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு பலவீனமான பேட்டரியாகிவிடும். அந்தச் சின்ன மின்னோட்டம் கிளிப் இருக்கும் முனைக்கு அருகே, உள்பக்கத்திலிருந்து ரப்பரைக் கீறிக்கொண்டு வரும். வெளியே பளபளப்பாக இருந்த ஹோஸ் உள்ளே வாய் பிளந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, எவ்வளவு வேகமாக இதெல்லாம் நடக்கும்? வேதியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். நிழலில் நிற்கும் வண்டியின் ஹோஸ் 30 டிகிரியில் இருக்கிறது, ஓடும்போது 90 டிகிரிக்குப் போகிறது என்று வையுங்கள். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. சூடான எஞ்சினோடு கழிக்கும் ஒரு மணி நேரம், சும்மா நிற்கும் 64 மணி நேரத்துக்குச் சமம். கைக்கணக்குதான், ஆய்வகத் துல்லியம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, சூட்டில் வெந்த மணிகள்தான் தெரியும்.

இப்போது இரண்டு மீட்டர்களையும் மணிக்கணக்காக மாற்றிப் பார்ப்போம். பெரியப்பா பெரும்பாலும் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் நான்கு வழிச்சாலையில் போகிறவர். சராசரி வேகம் 55 என்றால், 1,84,000 கிலோமீட்டருக்குச் சுமார் 3,350 மணி நேரம். என் வண்டி சென்னை சிக்னல்களில் வளர்ந்தது. சராசரி 18-ஐத் தாண்டியிருக்காது. 62,000 கிலோமீட்டருக்குச் சுமார் 3,450 மணி நேரம். ஆக எஞ்சின் கணக்கில் என் வண்டிதான் மூத்தது! டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் மணிக்கணக்கு மீட்டர்தான் இருக்கும். காரில் அது வழக்கமில்லாததால் நாம் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறுகிறோம்.

டாக்டர் வண்டியின் இன்னொரு பாவம், குட்டி குட்டிப் பயணம். ஒரு தடவைக்கு ஆறு கிலோமீட்டர் என்றால், 62,000 கிலோமீட்டரில் பத்தாயிரம் தடவைக்கு மேல் எஞ்சினை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். பெரியப்பா ஒரு தடவைக்கு எண்பது கிலோமீட்டர் போனாலே 2,300 தடவைதான். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் எஞ்சினுக்கு ஒரு நீட்சி, ஒரு சுருக்கம். என் வண்டியில் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டுக்கு இரும்பைப் போல இரண்டு மடங்கு நீளும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளப் பார்க்கும். கீழே இரும்பு அதில் பாதிகூட நகராது. நடுவே மாட்டிக்கொண்டு இரண்டு பக்க இழுபறியையும் தாங்குவது ஹெட் கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே நிற்கிறவன் கதைதான். சாதாரணச் சூட்டில் பல்லாயிரம் தடவை தாங்கும். ஒரே ஒருமுறை தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கட் போய்விடும். அன்றைக்கு நான் அடுத்த ஊர் வரை சமாளிக்கலாம் என்று ஓட்டியிருந்தால், ஒரு ஹோஸோடு போன செலவு எஞ்சினை இறக்குகிற செலவாக ஆகியிருக்கும்.

குட்டிப் பயணம் எஞ்சின் எண்ணெயையும் கெடுக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எரியும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். நெடுந்தூரம் ஓட்டினால் எண்ணெய் நன்றாகச் சூடாகி அதை விரட்டிவிடும். ஆஸ்பத்திரி தூரத்தில் அது நடக்காது. எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோரில் திரண்ட வெண்ணெய் போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால், அந்த வண்டி அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கட் போயிருந்தாலும் இதே பசை வரும் என்பதால் வாங்குகிறவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சைலன்சர்கள் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவதும் இந்தத் தண்ணீரால்தான்.

ஆனால் நம் ஊரில் பழைய கார்களை அதிகம் கொல்வது எது என்று என்னைக் கேட்டால், போர்வெல் தண்ணீர் என்பேன். “கூலன்ட் எதுக்கு சார், தண்ணியே போதும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூலன்ட் என்பது தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்தது. சரிபாதிக் கலவை, மூடியில்லாத பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அதைக் குக்கர் போல அழுத்தி வைப்பதால் கொதிநிலை 120-க்கும் மேலே போய்விடும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அந்த அழுத்தத்தைத்தான். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான்.

கூலன்ட்டுக்கு இரண்டாவது வேலை, அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது. அதற்கான ரசாயனங்கள் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். நிறம் பச்சையாகவே இருக்கும், சத்து இருக்காது. அதில் சென்னைக் கடலோரத்து உப்புத் தண்ணீரையும் ஊற்றினால், குளோரைடு அலுமினியத்தில் குழி பறிக்கும், கால்சியம் பாத்திரத்தில் படிவது போல ரேடியேட்டர் குழாய்க்குள் படியும். என் வண்டியின் ரேடியேட்டரைக் கழுவியபோது செங்கல் கரைத்த மாதிரி வந்தது. பெரியப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுகிறவர். அவர் தீர்ப்பில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பிரேக் ஆயிலையும் காலம்தான் கெடுக்கிறது, ஓட்டம் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். ஊருக்குள் வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தெரியும்: திரவம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

இத்தனை காரணம் சொல்லியும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதிர்ஷ்டம். பழுதுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு.

காரில் நம்மை நடுவழியில் நிறுத்தக்கூடிய சாமான்கள் நூறு என்று வைப்போம். புது வண்டியில் ஒவ்வொன்றும் ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நூறும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும் என்றால் 0.999-ஐ நூறு தடவை பெருக்க வேண்டும். 90 சதவீதம் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வயதாகி, அந்த வாய்ப்பு நூறில் ஒன்று ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சாமானும் இன்னமும் 99 சதவீதம் நம்பகமானது, பரீட்சையில் வாங்கினால் இனிப்பு கொடுப்போம். ஆனால் 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் 37 சதவீதம்தான்.

அதே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரே மாதிரி பழைய கார், ஒரே மாதிரி பராமரிப்பு, நூறு ஓனர்கள். அந்த வருடம் 37 பேருக்கு ஒரு பழுதும் வராது. இன்னொரு 37 பேருக்கு ஒன்று. 18 பேருக்கு இரண்டு. மீதி எட்டுப் பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ. முதல் 37 பேர் தங்கமான வண்டி என்பார்கள். கடைசி எட்டுப் பேர் இந்த மாடல் பக்கமே போகாதே என்பார்கள். வண்டி ஒன்றுதான்! அந்த எட்டுப் பேரும் சீக்கிரமே விற்றுவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் கழித்தும் முதல் ஓனராகவே இருப்பவரிடம் அபிப்பிராயம் கேட்டால், தேறி வந்த வண்டியின் கதைதான் கிடைக்கும்.

கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். நூறு சாமானும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பழுதாகும் என்று வைத்துக்கொண்டேன். என் வண்டியின் ஹோஸ்களுக்கு எல்லாம் ஒரே பிறந்தநாள், எல்லாம் ஒரே அடுப்பில் வெந்தவை. “ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையில நிக்குது சார்” என்று விக்கிரவாண்டி மெக்கானிக் சொன்னது புள்ளியியல்படியும் சரி. ஊர் திரும்பியதும் எல்லா ஹோஸ்களையும், மூடியையும், தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றி மாற்றவும் கூடாது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்களில் 68 சதவீதம், மாட்டிய புதிதில்தான் அதிகம் பழுதாகின்றன, அதைத் தாண்டிவிட்டால் வயதுக்கும் பழுதுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று அதில் இருக்கிறது. டயர், பிரேக் பேட், ஹோஸ் மாதிரி எளிமையான சாமான்களுக்குத்தான் வயது தெளிவாகத் தெரியும். நன்றாக ஓடும் எஞ்சினை எதற்கும் இருக்கட்டும் என்று திறந்தால், புதுப் பழுதுக்கு நாமே இடம் கொடுக்கிறோம். ஓடுகிற எஞ்சினைத் தொடாதே என்று நம் பட்டறைகளில் சொல்வது சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். இல்லை.

போன வருடம் ஹோஸ், ஆல்டர்னேட்டர், கிளட்ச் கேபிள் என்று மூன்று. எட்டுப் பேர் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த வருடம் இதுவரை ஒன்றுமில்லை. வண்டி திருந்திவிட்டது என்று இதை வைத்துச் சொன்னால், மேலே எழுதிய கணக்கு எனக்கே புரியவில்லை என்றாகிவிடும். பெரியப்பாவிடம் மட்டும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.