குட்டை விட்டுக் காடு போன சிவப்புக் குஞ்சு

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் கோடை மழை விட்ட கையோடு நடந்தால், ஈரச் சருகின் மேல் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உயிர் நிதானமாக நடந்து போவதைக் காணலாம். பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பு. முதுகில் கருவளையமிட்ட சிவப்புப் பொட்டுகள். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும். உறவுமுறையில் தவளைக்கு நெருக்கம். சலமாண்டர் வகையைச் சேர்ந்த கிழக்கத்திய நியூட்டின் இளம்பருவம் இது. ஊரில் இதை 'சிவப்பு எஃப்ட்' என்பார்கள்.

குட்டையின் நீர்ச்செடிகளில் தாய் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும் முட்டையில்தான் இதன் பிறப்பு. முதலில் செவுள்களோடு நீந்தும். சில மாதங்களில் செவுள் மறைந்து, நுரையீரல் வளர்ந்து, தோல் சிவந்து கரையேறிவிடும். தவளையின் கதை இங்கே முடிந்துவிடும். இதற்கோ இன்னும் 2 முதல் 7 ஆண்டுகள் காட்டு வாசம் பாக்கி. அப்புறம் மறுபடி உருமாற்றம்: சிவப்பு மங்கி ஆலிவ் பச்சையாகும், வால் துடுப்புப் போல அகலும், குட்டைக்கே திரும்பி இனம் பெருக்கும். ஒரே உயிருக்கு இரண்டு உருமாற்றங்கள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, இவ்வளவு சிறிய உயிர் பட்டப்பகலில் எப்படித் துணிந்து நடக்கிறது? தோலில் இருக்கும் டெட்ரோடோடாக்சின்தான் காரணம். நம் கடலில் பேத்தை மீனிடம் இருக்கும் அதே நஞ்சு. நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாசலை அது அடைத்துவிட, தசைக்குச் செய்தி போகாது. தோலின் நஞ்சு வளர்ந்த நியூட்டைவிட எஃப்ட்டுக்குச் சுமார் 10 மடங்கு அதிகம். ஒருமுறை வாயில் வைத்துத் துப்பிய பறவைக்கு அந்த நிறம் மறக்காது. சிவப்புமுதுகு சலமாண்டர் என்ற வேறோர் இனத்தில் சில மட்டும் உடல் முழுக்கச் சிவந்திருக்கும். அவற்றிடம் இந்த நஞ்சு கிடையாது. ஆனாலும் எஃப்ட்டின் சாயல் இருப்பதால் பறவைகள் தயங்குகின்றன.

வழி கண்டுபிடிப்பதிலும் இந்த இனம் கெட்டி. ஜான் ஃபிலிப்ஸ் என்ற ஆய்வாளர், நியூட்கள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து கரையின் திசை பிடிப்பதைச் சோதித்துக் காட்டினார். 1992-இல் வெளியான ஆய்வில், வெளிச்சத்தின் நிறத்தை மாற்றியதும் அவற்றின் திசை 90 பாகை திரும்பியது. அதாவது இந்தத் திசைகாட்டி வேலை செய்ய வெளிச்சமும் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது இதன் தோல்தான். ஐரோப்பாவில் நெருப்பு சலமாண்டர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஒரு பூஞ்சையை 2013-இல் அடையாளம் கண்டார்கள். தோலையே தின்னும் பூஞ்சை அது. ஆய்வகத்தில் தொற்றியபோது கிழக்கத்திய நியூட்களும் செத்துப்போயின. பறவையை விரட்டும் நஞ்சு பூஞ்சையிடம் பலிக்கவில்லை. இந்தப் பூஞ்சை நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்றுதான் 2016-இல் 201 சலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்டது.