அரை மணி நேர அமைதியும் ஐந்து நிமிடக் கூட்டமும்

முதன்முறை இமயமலைக் காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இரண்டாம் நாளே சொல்லும் குறை ஒன்று உண்டு: "இத்தனை பெரிய காட்டில் ஒரு குருவியைக்கூடக் காணோமே!" அவர்கள் சொல்வது உண்மைதான். அரை மணி நேரம் நடந்தாலும் பாசி படர்ந்த மரங்களையும் மூடுபனியையும் தவிர ஒன்றும் தென்படாது. பிறகு ஒரு வளைவில் காடு முழுக்கக் கீச்சொலி நிறைகிறது. ஐந்தே நிமிடம். பதினைந்து வகைப் பறவைகள் கண்முன்னே கடந்து போய்விடும். எதைப் பார்ப்பது என்று முடிவெடுப்பதற்குள் மறுபடி அமைதி.

இது அதிர்ஷ்டம் சார்ந்தது அல்ல. இமயமலைக் காடு இப்படித்தான் இயங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு காமெங் மாவட்டத்திலுள்ள ஈகிள்நெஸ்ட் சரணாலயத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. 1950களில் இங்கே நிறுத்தப்பட்டிருந்த ராணுவத்தின் செங்கழுகுப் படைப்பிரிவால் வந்த பெயர் அது. பரப்பு 218 சதுர கிலோமீட்டர். நடுவே ஒரே ஒரு மண்பாதை. சுமார் 2,800 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, அஸ்ஸாம் சமவெளியை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. கணவாய்க்கு வடக்கே லாமா முகாம் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே இறங்கினால் பொம்பு சுமார் 1,940, செஸ்னி 1,250, கெல்லாங் 750. பயணத் திட்டம் போடுகிறவர் கணக்கிட வேண்டியது கிலோமீட்டரை அல்ல, இந்த எண்களைத்தான்.

காரணம் எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. கெல்லாங்குக்கும் கணவாய்க்கும் இடையே 12 டிகிரி வேறுபாடு. கீழே காட்டுவாழை, நடுவே பாசியும் மூங்கிலும் மண்டிய பசுமைமாறாக் காடு, மேலே ரோடோடென்ட்ரான் எனும் மலைப் பூமரம். மரம் மாறினால் அதிலுள்ள பூச்சி மாறும், பூச்சியோடு பறவையும் மாறும். போட்டியும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும் கதிர்க்குருவிகள் மலைச்சரிவை மாடிகளாகப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்வதை டிரெவர் பிரைஸ் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். தேர்ந்த வழிகாட்டி ஒரு கதிர்க்குருவியின் பெயரைச் சொல்லுமுன் இறகைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. நிற்கும் உயரத்தையும் நினைவில் வைத்திருப்பார். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இந்த மாடிகள் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. குளிர்காலத்தில் பல பறவைகள் கீழே இறங்கிவிடும். மே மாதம் 2,500 மீட்டரில் பார்த்த மஞ்சள் வயிற்று விசிறிவாலியை ஜனவரியில் அடிவாரத்தில் பார்க்கலாம். சில இன்னும் தொலைவு போகும். இமயமலையில் கூடுகட்டும் பெரிய அலகுக் கதிர்க்குருவிகள்தான் குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளுக்கும் இலங்கைக்கும் வருகின்றன.

சரி, அந்த ஐந்து நிமிடக் கூட்டத்துக்கு வருவோம். கலப்பு இரைதேடும் கூட்டம் என்று அதைச் சொல்லலாம். வெவ்வேறு இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து காட்டில் நகர்ந்தபடியே இரை தேடுகின்றன. ஈகிள்நெஸ்டின் நடுமட்டக் காடுகளில் மஞ்சள் தொண்டை ஃபுல்வெட்டா என்ற சிறு பறவை பல கூட்டங்களுக்கு மையம். கும்பலாக வாழும், ஓயாமல் சத்தமிடும். அந்தச் சத்தம் மற்றவற்றுக்கு 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்ற அறிவிப்பு. சிலம்பன்கள் புதருக்குள்ளும், கதிர்க்குருவிகள் இலை நுனியிலும், மரங்கொத்தி பட்டையிலும், விசிறிவாலி காற்றில் துள்ளியும் இரை தேடும். ஒவ்வொன்றும் தேடுமிடம் வேறு என்பதால் சண்டை குறைவு. ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றின் வாய்க்குப் போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் கண்களின் எண்ணிக்கை. முப்பது ஜோடிக் கண்கள் வல்லூறுக்காகக் காவலிருக்கும்போது ஒவ்வொரு பறவையும் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தைக் குறைத்து, கொத்தும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

காவல்காரர் என்றால் கரிச்சான்தான். உயரமான கிளையில் அமர்ந்து எச்சரிக்கும், கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும். இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் ஈபென் குடேலும் சரத் கோட்டகமவும் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. அங்குள்ள கரிச்சான், கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளின் குரலைத் தன் பாட்டில் கலந்து கூப்பிடுகிறது. அப்படிக் கலந்த ஒலிக்கு அவை அதிகமாக வந்து சேர்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். காட்டில் கரிச்சான் குரல் கேட்டால் கரிச்சானை மட்டும் தேடாதீர்கள். அதன் கீழே பாருங்கள்.

கூட்டம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்? முதலில், துரத்தக்கூடாது. பின்னால் ஓடினால் கூட்டத்தின் வால் மட்டுமே தெரியும். காதால் திசையைக் கண்டுபிடித்து, பாதையிலேயே இருபது முப்பது அடி முன்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அது நம்மை நோக்கி வரும். கண்மட்டத்துப் புதரில் தொடங்கி மேலே போக வேண்டும், ஏனெனில் கீழே இருப்பவைதான் சீக்கிரம் மறையும். அசைவைப் பார்த்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருநோக்கியை (பைனாகுலரை) கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். 'அதோ, அதோ!' என்று கத்துவதால் யாருக்கும் பயனில்லை. 'மூங்கில் புதர், இரண்டு மணித் திசை, தலைக்கு ஒரு முழம் மேலே' என்றால் பக்கத்திலிருப்பவரும் பார்ப்பார். கூட்டம் கடந்தபின் இரண்டு நிமிடம் அதே இடத்தில் நிற்பது நல்லது. தயங்கித் தயங்கி வருபவை எப்போதும் இருக்கும். குழுவில் நான்கைந்து பேருக்குமேல் இருந்தால் வளைவுகளில் முன்னால் போகிறவர் மட்டுமே பார்ப்பார். மற்றவர்கள் மனக்கசப்போடு திரும்புவார்கள்.

இருநோக்கியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு, பெரிய எண்ணே நல்லது என்று நினைப்பது. 8×42 கருவியில் 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்; 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். 10×42 என்றால் 4.2 மட்டுமே. மூடுபனிக் காட்டின் மங்கலில் கண்மணி விரிந்திருக்கும். அப்போது இந்த ஒரு மில்லிமீட்டர் கணிசமானது. பத்து மடங்கில் கைநடுக்கமும் கூடும், பார்வைப்பரப்பு குறையும். தாவித் தாவிப் போகும் கதிர்க்குருவியைப் பிடிக்க எட்டு மடங்கே ஏற்றது. கண்ணாடி அணிகிறவர்கள், கண்ணருகு வில்லையிலிருந்து 15 மில்லிமீட்டராவது தள்ளி வைத்துப் பார்த்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். குளிர்ந்த வில்லையில் மூச்சு பட்டால் ஆவி படியும். உடனே சட்டை நுனியால் துடைத்தால் தூசி கீறிவிடும். முதலில் தூசியை ஊதித் தள்ளி, பிறகு மெல்லிய துணி.

நேரக் கணக்கும் வேறு. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. ஈகிள்நெஸ்ட் அதற்குச் சுமார் பத்து டிகிரி கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஏப்ரலில் நான்கரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஆறு மணிக்கு எழுந்தால் விடியல் பாட்டு போயே போயிற்று. விடியலில் பாட்டு, ஏழிலிருந்து பத்து வரை கூட்டங்கள், நண்பகலில் ஓய்வு, மூன்று மணிக்குமேல் மீண்டும் கூட்டங்கள் என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம். மார்ச் பின்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை நல்ல காலம். மே மாதம் ஜோடிகள் கூடுகட்டப் பிரிந்துவிடுவதால் கூட்டங்கள் சிறுத்துவிடும், ஆனால் பாட்டு கூடும். தெற்குச் சரிவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்குமேல் மழை. பருவமழை தொடங்கினால் பாதை சரியும், அட்டைகள் ஏறும். முழங்கால்வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை அட்டைக்கு நல்ல தடுப்பு. கெல்லாங் பக்கம் யானைகள் உண்டு. ஈரம் காயாத சாணத்தைக் கண்டால் தனியே முன்னே போகக்கூடாது. அருணாசலத்துக்குள் நுழைய இந்தியர்களுக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கைபேசியில் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் பழக்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டு கேட்டதும் ஆண் பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. ஒருமுறை என்றால் சமாளிக்கும். தினம் ஒரு குழு வந்து ஒலித்தால்? லாமா முகாம் பக்கம் வாழும் புகுன் லியோசிக்லாவை நினைத்துப் பாருங்கள். வானியலாளர் ரமணா ஆத்ரேயா 2006இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இனம் அது. ஒரு பறவையையும் கொல்லாமல், பிடித்து இறகும் படமும் எடுத்துவிட்டு விடுவித்து விவரித்தார். ஒலிவ் சாம்பல் உடல், கருந்தொப்பி, இறக்கையில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும். அப்போது கண்டறியப்பட்டவை 14 மட்டுமே. அதன் வாழிடத்தைக் காக்க, சிங்சுங் ஊரின் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பறவைக்கு ஒலிப்பதிவை ஒருமுறைகூடப் பயன்படுத்தக்கூடாது. பாதையோரம் அமைதியாகக் காத்திருங்கள். கிடைக்காவிட்டால் திரும்பி வாருங்கள்.

பலர் இதோடு 4,170 மீட்டர் உயர சேலா கணவாயையும் சேர்த்துக்கொள்வார்கள். கருநீல கிராண்டாலாக் கூட்டங்களுக்காகவும் ரத்தக் காட்டுக்கோழிக்காகவும். 1,500 மீட்டரிலுள்ள திராங்கிலிருந்து சில மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்பதே ஆபத்து. அங்கே மெல்ல நடக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் பறவையை விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஈகிள்நெஸ்டை முதலில் முடித்துவிட்டு சேலாவுக்குப் போனால் உடல் ஓரளவு பழகியிருக்கும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் எதிரே உயரத்தையும் எழுதுங்கள். வெப்பம் கூடக் கூட இமயமலைப் பறவைகள் மேல்நோக்கி நகர்ந்துவருவதால், பெயரைவிட அந்த எண்ணுக்கே பிற்காலத்தில் மதிப்பு அதிகம். காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் கடிகாரம் வானிலை மாறினாலே தவறு செய்யும்: 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் சுமார் பத்து மீட்டர் பிசகும். இரவில் புயல் கடந்திருந்தால் காலையில் அது உங்களை ஐம்பது மீட்டர் கீழே நிறுத்தியிருக்கும். ஆகவே தினமும் கிளம்புமுன், முகாமின் தெரிந்த உயரத்துக்கு அதைத் திருத்திக்கொண்ட பிறகே முதல் பறவையை எழுத வேண்டும்.