தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்

"ஒரு தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்." பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தூக்கம் எங்கே கெடுகிறது என்று தெரியாமல் எழுத முடியாது. படுத்ததும் கவலைகள் வரிசைகட்டி வந்து தூக்கம் தள்ளிப்போனால் பெரும்பாலும் பதற்றம். விடியுமுன்னே விழித்து, மனம் கனத்துக் கிடந்தால் மனச்சோர்வையும் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சுத் திணறி எழுவது என்றால் சங்கதியே வேறு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். அவர்களுக்குச் சில தூக்க மாத்திரைகள் ஆபத்தானவை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்போம்.

வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை. அதற்காக 3 மாதம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

வரும்போது 2 வாரக் குறிப்பு இருந்தால் நல்லது: படுத்தது, தூங்கியது, விழித்தது, எழுந்தது, காபி, மது. காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தை சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி. அதில் ஒரு பகுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுபவர் உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இனி 12.30-க்குத்தான் படுக்கை, எழுவது அதே 6. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியதும் வாரம் 15 நிமிடம் கூட்டுவோம். முதல் ஓரிரு வாரம் பகலில் கண் சொக்கும். விட்டுவிட்டு ஓடுபவர்கள் ஓடுவது இங்கேதான். வலிப்பு, இருமுனைக் கோளாறு (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் நோய்) உள்ளவர்களும் வண்டி ஓட்டுவதே தொழிலாக இருப்பவர்களும் இதைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

பதற்றத்துக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் (மனச்சோர்வுக்கும் தரப்படுபவை) வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். 'மருந்து ஒத்துக்கல' என்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அன்றே கேட்கும், அதனால்தான் பழகிவிடுகின்றன. மாதக்கணக்கில் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். அளவை மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பிடித்தாலும் தவறில்லை.