அப்டேட்டின் மேல் பழி போடாதீர்கள், ஷேர் லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள்

போன வாரம் கருங்கல் பக்கத்து அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் இருந்து அழைத்திருந்தார்கள். அங்கே முந்திரி உடைக்கிற அக்கா ஒருவருக்கு யாரோ போன் போட்டு, அவர் பேர், பாங்க் பேர், பாஸ்புக் நம்பர், பிஎஃப் நம்பர் எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லிவிட்டு ஓடிபி கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அக்கா சுதாரித்து கட் பண்ணிவிட்டார். மறுநாள் இன்னொருவருக்கும் அதே மாதிரி அழைப்பு. இந்த நான்கு விவரமும் ஒரே இடத்தில் இருப்பது ஆபீஸின் சம்பள ஷீட்டில்தான் என்று முதலாளிக்குப் பொறி தட்டியிருக்கிறது.

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். பள்ளிக்கூடம், ஆடிட்டர் ஆபீஸ், கோயில் கமிட்டி, பங்குப் பேரவை என்று எங்கே போனாலும், ஃபைல்களை இணையத்தில் வைத்துப் பகிர்கிற கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதன் கதவு திறந்தே கிடக்கிறது. பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு பார்க்கும் தங்கச்சி அந்த ஷீட்டைத் திறந்து காட்டினார். மேலே வலது ஓரத்தில் சின்ன வட்டம், அதற்குள் ஒரு விலங்கின் படம்.

"இது யாரும்மா?"

"அது புது அப்டேட்ல வந்த டிசைன் அண்ணா. சில நேரம் ரெண்டு வரும்."

மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். 'அனானிமஸ்' என்று ஒரு விலங்கின் பேரோடு காட்டியது. அது டிசைன் இல்லை. லிங்க் வழியாக வந்து, அந்த நிமிடம் அந்த ஷீட்டைத் திறந்து வைத்திருக்கும் ஆள். தெரிந்தவராகவும் இருக்கலாம், முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம். யார் என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துபோனது.

ஷேர் பெட்டியைத் திறந்தேன். கீழே ஜெனரல் ஆக்சஸில் 'எனிஒன் வித் த லிங்க்'. பக்கத்தில் 'எடிட்டர்'. அதாவது லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம், சம்பளத் தொகையைத் திருத்தக்கூடச் செய்யலாம். மேலே பதினொரு மெயில் ஐடி. அதில் இப்போது வேலையில் இருப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் கத்தாருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்று, ஆதார் நகல்களை ஸ்கேன் செய்யக் கொடுத்த டிடிபி சென்டரின் ஐடி. மற்றவர்களை யாருக்கும் ஞாபகமே இல்லை.

முதலாளி பெரியவர். "மக்களே, நான் யாருக்கும் இப்படித் திறந்து விடச் சொல்லலியே. அப்டேட் வந்தப்போ தானா மாறியிருக்கும்" என்றார்.

இதே வார்த்தையைத்தான் மார்த்தாண்டத்திலும் கேட்டேன், தக்கலையிலும் கேட்டேன். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், தானாக மாறவில்லை. 2020-இல் ஷேர் பெட்டியின் அமைப்பு மாறியது. 2023-இல் டிரைவின் தோற்றமே மாறியது. பட்டன் இடம் மாறியது, நிறம் மாறியது, ஒரு கிளிக்கில் நடந்தது இரண்டு கிளிக் ஆனது. நீங்கள் யாருக்கு என்ன அனுமதி கொடுத்தீர்களோ அது மாறவில்லை. அந்த அனுமதி உங்கள் திரையில் இல்லை, ஃபைலோடு சேர்ந்து சர்வரில் இருக்கிறது. வாசல் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், அண்டை வீட்டில் கொடுத்து வைத்த சாவி செல்லாமல் போய்விடுமா? புதுப் பொலிவாய்த் தெரிகிறது என்பதற்காகப் பழைய சாவிகளை யாரும் திரும்ப வாங்கி வைக்கவில்லை. 2019-இல் திறந்துவிட்டதை நீங்கள் கைவைத்து மூடும் வரை அது திறந்துதான் இருக்கும்.

அப்படியானால் எப்படி நடந்தது? ஃபோல்டரின் டீடெய்ல்ஸில் ஆக்டிவிட்டியைத் திறந்தால் அனுமதியை மாற்றியவர் பேர் நிற்கும். அந்தத் தங்கச்சியின் பேர்தான் இருந்தது, முகம் வாடிவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆடிட்டர் ஆபீஸில் ஃபைல் திறக்கவில்லை, அனுமதி கேட்டு ரிக்வெஸ்ட் மெயில் மேல் மெயில். அவர்கள் போனில் இரண்டு ஜிமெயில் இருந்திருக்கிறது. அனுமதி கொடுத்தது ஒன்றுக்கு, திறந்து பார்த்தது மற்றதில். பழைய இடத்தில் பட்டனைக் காணோம், ரிட்டர்ன் போடக் கடைசி நாள் வேறு. எதை அழுத்தினால் திறக்கிறதோ அதை அழுத்திவிட்டார். வேலை முடிந்ததும் திரும்ப மூட யாருக்கும் தோன்றவில்லை. திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், எந்த ஐடியில் திறக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

போனில் ஓடிபி கேட்டவர்களுக்கு அந்த விவரம் இந்த ஷீட்டிலிருந்துதான் போனதா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. சாதாரண ஜிமெயில் கணக்கில் யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்காது. அதனால்தான் முன்கூட்டியே மூடச் சொல்கிறேன்.

ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் போடும் ஒவ்வொன்றுக்கும் இறங்கும். ஆகவே ஆதார், பாஸ்புக் நகல்களைப் பொது ஃபோல்டருக்குள் சப்-ஃபோல்டராக வைக்காதீர்கள். தனியாக, வெளியே வையுங்கள். கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ஷேருக்குப் போங்கள். போனில் மூன்று புள்ளியைத் தொட்டு 'மேனேஜ் ஆக்சஸ்'. ஜெனரல் ஆக்சஸ் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக, அதாவது லிஸ்ட்டில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பேராகப் பாருங்கள், யார் என்று தெரியாத ஐடியை யோசிக்காமல் எடுங்கள். வேண்டியவர் என்றால் அவரே கூப்பிடுவார். பார்க்க மட்டும் வேண்டியவருக்கு 'வியூவர்' போதும், எல்லாரையும் எடிட்டர் ஆக்காதீர்கள். எடிட்டர்கள் மற்றவர்களுக்கு ஷேர் செய்யலாம் என்ற டிக், ஷேர் பெட்டியின் பல்சக்கரத்துக்குள் இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள். முடித்ததும் அந்த லிங்க்கை இன்காக்னிட்டோவில், அதாவது உங்கள் லாகின் இல்லாத பிரவுசர் ஜன்னலில் திறந்து பாருங்கள். லாகின் கேட்டால் மூடியாயிற்று. நேரே ஃபைல் திறந்தால் இன்னும் மூடவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஆளை நீக்கியதால் டிரைவிலிருந்து நீங்கிவிட மாட்டார். அனுப்பிய லிங்க்கை 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' செய்வதும் ஃபைலைப் பூட்டாது. தொழிலாளியிடம் ஆதார் வாங்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

அந்த ஆபீஸில் இன்னும் ஒரு வேலை மிச்சம். ஃபோல்டரில் பிஎஃப் ஷீட்டை உருவாக்கியவர் கத்தாருக்குப் போனவர். ஃபோல்டர் முதலாளியுடையது, ஷீட்டின் ஓனர் இன்னும் அவர்தான். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கலாம், அதோடு ஷீட்டும் போகும். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன். ராத்திரி அவரை வீடியோ காலில் பிடித்தோம். பாஸ்வேர்டு மறந்திருந்தது, பழைய நம்பர் அவர் அம்மாவிடம் இருந்தது. குளச்சலில் இருந்து அந்த அம்மா ஓடிபியை ஒவ்வோர் எண்ணாக வாசித்துக் கொடுத்தார். மகன் ஓனர்ஷிப்பை மாற்றி அனுப்பினார், இங்கே முதலாளி அக்செப்ட் கொடுத்தார். அதன் பிறகுதான் லிஸ்ட்டிலிருந்து அவர் பேரை எடுத்தேன்.