என்பிடெல் கணிதப் பாடம்: கிரெடிட் மார்க்‌ஷீட்டில் ஏறும்வரை ஓயாதீர்கள்

போன வருடம் ஜூன் மாதம் ஒரு பெண் போன் செய்தார். பொறியியல் கடைசி செமஸ்டர் முடித்தவர். என்பிடெல் இணையவழிப் பாடத் திட்டத்தில் ஐஐடி பேராசிரியர் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா பாடத்தை 12 வாரம் வீட்டிலிருந்தே படித்து, தேர்வும் எழுதி, 81 மதிப்பெண் எடுத்திருக்கிறார். சான்றிதழில் 'எலைட், சில்வர்' என்று போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனால், "இதை வைத்து நாங்கள் என்னம்மா செய்வது?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்த விருப்பப் பாடத்துக்கு, அதாவது எலெக்டிவுக்கு, பதிலாக இதைப் படித்தாரோ, அந்த எலெக்டிவ் அவர் பெயரில் அரியராக நிற்கிறது.

இதே கதையை இதுவரை நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்பிடெல். ஸ்வயம் என்பது 2017 ஜூலையில் வந்த மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். என்பிடெல் பாடங்கள் இப்போது அதன் வழியாகத்தான் நடக்கின்றன. இதில் படித்த பாடத்துக்கு உங்கள் கல்லூரி கிரெடிட், அதாவது டிகிரிக்குக் கணக்கில் சேரும் பாட அலகு, தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2016இல் விதி போட்டது. அப்போது உச்சவரம்பு 20 சதவீதம். 2021 விதியில் அது ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை என்று உயர்ந்தது. இந்த 'வரை' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பாடம் நடக்கும் விதத்தில் குழப்பம் இல்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 4, 8, 12 வாரம் என மூன்று அளவு. கிரெடிட் முறையே 1, 2, 3. வாராவாரம் வீடியோக்கள் வரும், கூடவே ஒரு அசைன்மென்ட். சேர்வதற்குப் பணம் கிடையாது. தேர்வு மட்டும் நேரில், தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். அதற்குத்தான் கட்டணம். பல ஆண்டுகளாகப் பாடத்துக்கு 1000 ரூபாய் வாங்கினார்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் பாதி. கட்டும் முன் அந்தப் பருவத்துக்கான அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் குழி இங்கேயே இருக்கிறது. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசி தேதி, தனிப் பணம். "நான்தான் அன்றைக்கே சேர்ந்துவிட்டேனே" என்று பன்னிரண்டு வாரமும் அசைன்மென்ட் போட்டுவிட்டு, தேர்வு வாரத்தில் ஹால் டிக்கெட் எங்கே என்று தேடியவர்கள் இருக்கிறார்கள். பதிவுக்கான கெடு முடிந்த பிறகு யாரிடம் கெஞ்சியும் பயனில்லை.

மதிப்பெண் கணக்கு

அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரியை எடுப்பார்கள். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. மொத்தம் 40 வந்தால் பாஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும்.

கணிதம் படிக்கிறவர்கள்தானே, போட்டுப் பாருங்கள். ஒருவர் எல்லா அசைன்மென்ட்டிலும் நூற்றுக்கு நூறு, அதாவது 25. தேர்வில் நூற்றுக்கு 39, அதாவது 29.25. மொத்தம் 54.25. சான்றிதழ் கிடையாது. இன்னொருவர் தேர்வில் 90 எடுத்துவிட்டார், அதாவது 67.5. ஆனால் மூன்றே மூன்று அசைன்மென்ட்தான் போட்டிருக்கிறார், மூன்றிலும் முழு மதிப்பெண். 300ஐ மூன்றால் அல்ல, எட்டால் வகுப்பார்கள். 37.5 வரும், அதில் கால் பங்கு 9.375. மொத்தம் 76ஐத் தாண்டுகிறது. இவருக்கும் சான்றிதழ் இல்லை. இன்னும் ஒரே ஒரு அசைன்மென்ட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

அசைன்மென்ட்டுக்குக் கடைசி நேரம் பெரும்பாலும் புதன் இரவு 11.59. கரண்ட் போச்சு, நெட் இல்லை என்றெல்லாம் சொல்ல அங்கே ஆள் இல்லை, கணினி தானாக மூடிவிடும். கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. அதனால் திங்களன்றே தெரிந்தவரை போட்டு வைத்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளுங்கள். விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் எத்தனை தசம இடம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழி முழுக்கச் சரியாக இருந்தாலும் கணினி அதைப் பார்க்காது. இங்கே ஸ்டெப் மார்க் கிடையாது.

டெலிகிராம் குழுக்களில் வாராவாரம் விடைகள் சுற்றுகின்றன. அதில் பாதி தப்பு என்பது ஒரு பக்கம். அதை நம்பி 25ஐ வாங்கியவர்கள் தேர்வில் அந்த 30ஐத் தொட முடியாமல் நிற்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பாட வீடியோக்களின் எழுத்து வடிவம் சிலவற்றுக்குத் தமிழிலும் கிடைக்கிறது, நல்ல உதவி. ஆனால் கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வரும்.

60க்கு மேல் எலைட், 75க்கு மேல் வெள்ளி, 90க்கு மேல் தங்கம். இதெல்லாம் என்பிடெல் தரும் பட்டங்கள். உங்கள் மார்க்‌ஷீட்டுக்கும் இவற்றுக்கும் இதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

கல்லூரி வாசல்

யு.ஜி.சி. விதியைப் படித்துவிட்டு "எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்க முடியாதாமே" என்று சொல்கிறவர்கள் அந்த விதியை முழுசாகப் படிப்பதில்லை. எந்தெந்த ஸ்வயம் பாடத்துக்குக் கிரெடிட் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுதான் முடிவு செய்யும். 40 சதவீதம் என்பது மேல் வரம்பு. அவ்வளவும் உங்களுக்குக் கிடைத்தே தீரும் என்று எங்கும் சொல்லவில்லை. உங்கள் கல்லூரி ஒரு செமஸ்டருக்கு ஒரு எலெக்டிவ் மட்டும் என்று வைத்திருந்தால் அவ்வளவுதான்.

ஆகவே, பாடம் தொடங்கும் முன்பே, முதல் வாரத்துக்கு முன்பே, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துறைத் தலைவர், அதாவது எச்.ஓ.டி., தலையாட்டியது அனுமதி ஆகாது. என்பிடெல்லுக்கு ஒருங்கிணைப்பாளராகக் கல்லூரியில் ஒருவர் இருப்பார், மாணவர்கள் 'ஸ்பாக்' என்பார்கள். அவர் வாட்ஸ்அப்பில் "எல்லாரும் சேருங்கப்பா" என்று போட்டதும் அனுமதி ஆகாது. அனுமதிக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்பிடெல் பாடத்தின் முழுப் பெயர், அது எந்தப் பேப்பருக்குப் பதில் என்ற பேப்பர் கோட், எத்தனை கிரெடிட். உள்வரவு முத்திரை போட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

கணிதத்தில் இந்தக் கிரெடிட் எண்ணிக்கை ஒரு தனித் தலைவலி. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட்தான். பொறியியல் கல்லூரிகளில் கணிதப் பேப்பர் பெரும்பாலும் 4 கிரெடிட். அந்த ஒரு கிரெடிட்டை யார் தருவது? யாரும் தர மாட்டார்கள். முதலாண்டுக் கணிதம் மாதிரி கட்டாயப் பேப்பர்களை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான கல்லூரிகள் விடுவதும் இல்லை. 3 கிரெடிட் எலெக்டிவுக்குப் பதிலாகப் போவதுதான் நடைமுறையில் தேறும் வழி.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: உங்கள் மதிப்பெண்ணை எந்த கிரேடாக மாற்றுவார்கள்? சில இடங்களில் 40 போதும், சில இடங்களில் 60க்குக் கீழே இருந்தால் சான்றிதழைத் தொடவே மாட்டார்கள். இதைத் தேர்வுக்குப் பிறகு தெரிந்துகொள்வதில் என்ன லாபம்?

பெயர் விஷயம். நம் ஊர் இனிஷியல் எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறது! ஆதாரில் 'கவிதா எஸ்', மார்க்‌ஷீட்டில் 'எஸ். கவிதா', தேர்வு விண்ணப்பத்தில் அப்பா பெயரை விரித்து 'கவிதா சண்முகம்'. அப்புறம் அலுவலகத்தில் இது மூன்று பேரா ஒரே ஆளா என்று கேட்பார்கள். கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தில் போடுங்கள். கல்லூரியின் பெயரையும் பட்டியலிலிருந்து சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஒரே பெயரில் நாலு கல்லூரி இருக்கும். தப்பாகப் போனால் ஸ்பாக் பார்க்கும் பட்டியலில் நீங்கள் இருக்கவே மாட்டீர்கள். மாணவர்களின் கிரெடிட்களைக் கணக்கு வைக்கும் அரசின் இணைய 'கிரெடிட் வங்கி'க்கான 12 இலக்க ஏபிசி எண்ணை டிஜிலாக்கர் வழியாக எடுத்து வையுங்கள். அந்த வங்கியில் கிரெடிட் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். மார்க்‌ஷீட்டில் ஏற்றுவது கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான்.

கடைசி செமஸ்டர் வேண்டாம்

என்பிடெல்லின் 12 வாரப் பாடங்களுக்குத் தேர்வு பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், சனி, ஞாயிறுகளில் நடக்கும். முடிவும் சான்றிதழும் வரச் சில வாரங்கள் ஆகும். கல்லூரியோ அதற்குள் செமஸ்டர் மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி முடித்திருக்கும். மற்ற செமஸ்டர் என்றால் "அடுத்த முறை சேர்த்துக்கொள்கிறோம்" என்பார்கள், பெரிய இழப்பில்லை. கடைசி செமஸ்டரில் அடுத்த முறை ஏது? வேலைக்கான உத்தரவு கையில் இருக்கும், டிகிரி இருக்காது. ஏழாவது செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு பாடம் எடுப்பவர்கள் இரண்டு தேர்வும் ஒரே நாள் ஒரே வேளையில் மோதாமல் இருக்கிறதா என்று பதியும்போதே பாருங்கள்.

சான்றிதழ் வந்த அன்றே மனு கொடுங்கள். எச்.ஓ.டி. தேர்வுக் கட்டுப்பாட்டாளரான கன்ட்ரோலரைப் பார் என்பார், கன்ட்ரோலர் ஆபீஸ் ஸ்பாக்கைக் கேள் என்னும், ஸ்பாக் விடுமுறையில் இருப்பார். இந்தச் சுற்றை இரண்டு தடவைக்கு மேல் சுற்றாதீர்கள். யு.ஜி.சி.யின் 2023 குறைதீர் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பல்கலைக்கழகம் அரசுடையது என்றால், உங்கள் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். பல சமயம் அந்த மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கோப்பு தானாக நகர்ந்துவிடுகிறது, என்ன மாயமோ.

எல்லா மனுவோடும் அந்த முன் அனுமதிக் கடிதத்தின் ஜெராக்ஸை இணையுங்கள். முதலில் அவர்கள் கேட்பது அதைத்தான். எனக்குப் போன் செய்த பெண்ணிடம் ஒரு வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்தான் இருந்தது. நவம்பரில் அரியர் எழுதினார்.