கரையில் மரம், கணக்கில் கிரெடிட்: சால்மனுக்காக ஓரிகனில் ஒரு ஏற்பாடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடும் நகரங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. நீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சூடாகவும் இருக்கக் கூடாது. சால்மன் மீன் முட்டையிடும் பருவத்தில், முட்டையிடும் இடங்களில் ஆற்றுநீர் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குஞ்சுகள் வளரும் பகுதிகளில் பொதுவாக 18 டிகிரி. ஏழு நாள்களின் உச்ச வெப்பத்தைச் சராசரி எடுத்துப் பார்ப்பார்கள். நீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், மீன்களுக்கு நோய் வரும், கூழாங்கல்லுக்கு அடியில் கிடக்கும் முட்டைகள் பிழைப்பது கடினம். வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் நீரோ வெதுவெதுப்பாகத்தான் வந்து சேரும்.

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, ஆற்றில் நீர் விடும் ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிமம் வேண்டும். எவ்வளவு வெப்பம் ஆற்றில் சேரலாம் என்ற உச்சவரம்பும் அதில் இருக்கும். அதைத் தாண்டினால் என்ன செய்வது? பெரிய குளிரூட்டும் இயந்திரம் வாங்கி வைக்கலாம். இல்லையென்றால், அதே ஆற்றில் வேறோர் இடத்தில் வெயில் சூட்டைத் தடுத்து, அதைக் கிரெடிட்டாக, அதாவது தன் வெப்பக் கணக்கில் ஒரு வரவாகக் காட்டலாம். இரண்டாவது வழிதான் இந்தத் திட்டம்.

தெற்கு ஓரிகனில் ரோக் ஆற்றில் நீர் விடும் மெட்ஃபோர்டு நகரம் 2012 வாக்கில் இந்த வழிக்கு வந்தது. குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 1.6 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கரையோரம் மரம் நட அதில் பாதிதான் ஆகும் என்று கணக்கு வந்தது. 'தி ஃப்ரெஷ்வாட்டர் டிரஸ்ட்' என்ற தொண்டு நிறுவனம் நடும் பொறுப்பை ஏற்றது.

கரை நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. நிலக்காரர் கரையோரப் பட்டையை 20 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார், அதற்குப் பணம் பெறுகிறார். வேலை அவர் தலையில் விழாது. முதலில், கரையை மூடிக் கிடக்கும் இமயமலை பிளாக்பெர்ரி முட்புதரை வெட்டி ஒழிப்பார்கள். பெயரில்தான் இமயமலை, அங்கே அது அடக்க முடியாத களை. அப்புறம் வில்லோ, ஆல்டர், காட்டன்வுட் போன்ற அந்த மண்ணின் மரங்களை நடுவார்கள். முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மானும், மரத்தைக் கொறிக்கும் பீவர் என்ற விலங்கும் கடிக்காமல் கன்றுகளைக் காப்பதும் சேர்ந்த வேலை.

கிரெடிட் கிலோகலோரியில் எண்ணப்படுகிறது. மரம் வளர்ந்தபின் விழும் நிழல் ஒரு நாளைக்கு எவ்வளவு வெயில் சூடு ஆற்றில் இறங்காமல் தடுக்கும் என்பதை ஆற்றின் அகலம், திசை, மர உயரம் ஆகியவற்றைக் கொண்டு கணினி மாதிரி கணிக்கும். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: நிழல் நீரைக் குளிர வைக்காது, மேலும் சூடேறாமல் காக்கும், அவ்வளவுதான்.

எல்லா மரத்துக்கும் கிரெடிட் கிடைக்காது. சட்டப்படி எப்படியும் செய்தாக வேண்டிய வேலையைக் கணக்கில் சேர்க்க முடியாது. பொதுப் பணத்தில் நடக்கும் இயற்கைப் பாதுகாப்பு வேலையைக் கொண்டு உரிமக் கணக்கை நேர் செய்யவும் அனுமதி இல்லை. மாநிலச் சுற்றுச்சூழல் தரத் துறை 2015இல் இதற்கென்று தனி விதிகளையே கொண்டுவந்தது. கன்றுகள் பட்டுப்போனால் கிரெடிட்டும் போகும். ஆனால் அதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது உரிமம் வைத்திருக்கும் நகரம்தான், நிலக்காரர் அல்ல. என் கணிப்பில், தனியார் நிலக்காரர்கள் தயங்காமல் முன்வர இந்த ஒரு ஏற்பாடே பெரிய காரணமாக இருக்க முடியும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, சின்னதும் இல்லை. வெதுவெதுப்பான நீர் இன்றைக்கே ஆற்றில் விழுகிறது. முழு நிழல் விழ இருபது வருடம் ஆகலாம். கன்று நட்டதுமே வருங்கால நிழலுக்குக் கிரெடிட் தருவது நியாயமா என்று சூழல் அமைப்புகள் கேட்கின்றன. இந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் 2:1 விகிதம் வைத்தார்கள்: நகரம் ஒரு பங்கு வெப்பத்துக்கு இரண்டு பங்கு நிழல் காட்ட வேண்டும். அளவு இரட்டிப்பாகிறதே தவிர, காலம் குறைவதில்லை.

மறுபக்கம், இயந்திரம் குளிரூட்டுவதோடு நின்றுவிடும், மின்சாரத்தையும் தின்னும். மரமோ வேரால் கரையைப் பிடித்து, சேறு கரைந்து முட்டைகளை மூடாமல் காக்கிறது. இலையும் பூச்சியும் குஞ்சுகளுக்கு இரை. விழுந்த கட்டைகளுக்கு அடியில் அவை ஒளிந்துகொள்ளும்.

போர்ட்லாந்துக்கு மேற்கே, டுவாலட்டின் ஆற்றில் நீர் விடும் 'கிளீன் வாட்டர் சர்வீசஸ்' என்ற பொது அமைப்பு 2004 உரிமத்திலேயே இதைத் தொடங்கிவிட்டது. கரையோர உழவர்களுக்குப் பணம் கொடுத்து மரம் நட்டதோடு, ஹாக் ஏரி அணையில் தேக்கிய குளிர்ந்த நீரையும் கோடையில் ஆற்றில் திறந்துவிட்டார்கள். மரம் வளரும்வரை மீன் காத்திருக்காது என்ற புகாருக்கு இதுவரை நான் பார்த்த உருப்படியான பதில் இதுதான். ஆனால் அணையில் நீர் வைத்திருக்கும் ஊருக்குத்தான் அது கைகொடுக்கும்.